ஹெர்-2 நெகட்டிவ் என்றால் 0-வா, 1+-ஆ?

மார்பகப் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனையில் உறுதியானதும், எங்கள் ஆய்வகத்தில் அதே சதைத் துண்டில் மேலும் மூன்று சோதனைகள் செய்வோம்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2. இதில் மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. குறிப்பாக, 2022-க்கு முன் ரிப்போர்ட் வாங்கி, இன்னும் சிகிச்சையில் இருப்பவர்களுக்காக.

ஹெர்-2 செல்லின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதம். வளரச் சொல்லும் செய்தியை உள்ளே கடத்துவது அதன் வேலை. சில கட்டிகளில் இதற்கான மரபணு பல மடங்கு பெருகி, புரதம் அளவுமீறி உண்டாகும். அத்தகைய நோய் சீக்கிரம் திரும்பி வருகிறது என்று 1987-ல் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் காட்டினார்கள். அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத்தான் பொருந்தும்.

சாயமேற்றிய ஸ்லைடைப் பார்த்து 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் போடுவோம். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் மரபணு பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் சோதனை. 0, 1+ இரண்டுமே நெகட்டிவ். இந்த இரண்டுக்கும் இடையே நாங்கள் ரொம்ப மெனக்கெட்டதில்லை. காரணமும் இருந்தது. ஹெர்-2 குறைவாக உள்ளவர்களுக்கு டிராஸ்டுசுமாப் கொடுத்துப் பார்த்த பி-47 ஆய்வில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

நிலைமையை மாற்றியது டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான். ஹெர்-2-ஐப் பிடித்துக்கொள்ளும் அதே டிராஸ்டுசுமாப் ஆன்டிபாடிதான், ஆனால் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 8 கீமோ மூலக்கூறுகள் ஒட்டப்பட்டிருக்கும். ஹெர்-2 கொஞ்சம் இருந்தாலும் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் போய்விடும். அங்கே இணைப்பு அறுந்து கீமோ மருந்து வெளிப்படும். பிறகு அது செல்லின் மேலுறையைத் தாண்டிக் கசிந்து, ஹெர்-2 இல்லாத பக்கத்துச் செல்லையும் கொல்லும். கட்டிக்குள் ஓரிடத்தில் சாயம் ஏறி, அடுத்த இடம் வெறுமையாக இருப்பதை தினமும் பார்க்கிற எனக்கு, இந்தக் கசிவுதான் மருந்தின் உண்மையான சாமர்த்தியமாகப் படுகிறது.

2022 ஜூனில் வெளியான டெஸ்டினி பிரெஸ்ட்-04 ஆய்வில், நோய் பரவி ஏற்கெனவே கீமோ எடுத்த 557 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் மதிப்பெண் 1+, அல்லது ஃபிஷ் நெகட்டிவான 2+. வழக்கமான கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 16.8 மாதம், புது மருந்தில் 23.4 மாதம். குணமாக்கும் மருந்து என்று சொல்லிவிட முடியாது. நுரையீரல் அழற்சி சுமார் 12 சதவீதம் பேருக்கு வந்தது, மூன்று பேர் அதனால் இறந்தார்கள். இந்த ஊசி போட்டுக்கொள்பவருக்குப் புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால், சளி என்று வீட்டில் மருந்து சாப்பிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

விலையும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய பாரம். 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய அரசு இதற்கான அடிப்படைச் சுங்கவரியை நீக்கியது கொஞ்சம் ஆறுதல்.

அப்புறம், சோதனையின் தரம். 1+ என்பது மிக மங்கலான சாயம். சதையை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், அதைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட வேண்டும். 6 முதல் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். சலைன் பாட்டிலில் மிதந்தபடி, மறுநாள் பஸ்ஸில் வந்து சேரும் கட்டிகளை இன்றும் பார்க்கிறேன். அதில் நான் 0 என்று எழுதினால், அது எவ்வளவு நம்பகமானது என்று எனக்கே சந்தேகம்தான்.

உங்கள் ரிப்போர்ட்டில் வெறுமனே 'நெகட்டிவ்' என்று மட்டும் இருந்தால் மதிப்பெண் என்ன என்று கேளுங்கள். உங்கள் சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் பழைய மெழுகு பிளாக்கைத் திரும்ப வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்; பல வருடம் கழித்தும் அதிலிருந்து புது ஸ்லைடு வெட்டலாம். ஆரம்பநிலை நோய்க்குச் சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவர்கள் இதற்காக இப்போது ஓட வேண்டியதில்லை.

நோய் வேறு உறுப்பில் திரும்பினால், முடிந்தவரை அங்கிருந்தும் சதை எடுத்துச் சோதிப்பது நல்லது. முதலில் 0 இருந்த இடத்தில் இப்போது 1+ வரலாம், மாறியும் நடக்கலாம். எலும்புத் துண்டை வெட்ட முதலில் அமிலத்தில் ஊறவைக்க வேண்டியிருக்கும், அதில் சாயம் சரியாக ஏறாமல் போகலாம். அதனால் கல்லீரலிலோ நெறிக்கட்டியிலோ எடுக்க வழியிருந்தால் நாங்கள் அதைத்தான் கேட்போம்.