வெளியிடும் சாவி எத்தனை பேர் கையில்?

சிங்கப்பூரில் தேசிய சேவையை முடித்தவர்களை வருடத்தில் 40 நாள் வரை ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு அழைக்கலாம். அப்படிப் போகிறவர், யாரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் ஒரே பராமரிப்பாளராக இருந்தால், அவர் திரும்பும் வரை திருத்தங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். பிள்ளை பிறப்பது, வேலை மாறுவது, சலித்துப்போவது என்று மற்ற ஊர்களில் காரணம் மாறும், அவ்வளவுதான். எத்தனை பேர் விலகினால் ஒரு திட்டம் முடங்கும் என்ற கணக்கை மென்பொருள்காரர்கள் 'பஸ் ஃபேக்டர்' என்பார்கள். உலகமே நம்பியிருக்கும் பல மென்பொருள்களுக்கு அது வெறும் 1.

சரி, ஆள் சேர்த்தால் போதாதா? ஆள் சேர்ந்தும் சுமை குறையாத திட்டங்கள் நிறைய உண்டு. தெரிய வேண்டியது ஒருவர் மண்டைக்குள்ளேயே இருப்பதுதான் காரணம்.

கணினியில் தமிழ் எழுத்துகளைப் பதியும் பழைய முறையான டிஸ்கி குறியாக்கத்தில் கிடக்கும் தமிழை, இன்றைய முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் 97 மாநாட்டை நடத்திய ஊர் சிங்கப்பூர்; அந்தக் காலத்துக் கோப்புகள் இன்னும் பலரிடம் இருக்கும். டிஸ்கியில் 'கொ' என்ற எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகும்: முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். யூனிகோடில் க முன்னால் வந்துவிடும். அதற்குப் பின் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக வைக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 'கொடி' என்று தேடினால் சில பக்கங்கள் அகப்படாது.

இது தெரியாத தன்னார்வலர், வருகிற திருத்தத்தை ஏற்கப் பயப்படுவார். தெரிந்தவரோ இதைத் தானியங்கிச் சோதனையாக எழுதிவைக்கலாம்: இதைக் கொடுத்தால் இதுதான் வர வேண்டும் என்று. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கணினியே அதை ஓட்டிப் பார்க்கும். அப்புறம் நேற்றுச் சேர்ந்தவரும் துணிந்து முடிவெடுக்கலாம். பொறுப்பைப் பகிர்வது உண்மையில் தொடங்குவது இங்கேதான் என்பேன்.

எந்தப் பகுதி யாருடையது என்று எழுதிவைப்பது அடுத்த படி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இதற்கென்றே ஒரு கோப்பு உண்டு.

ஆனால் எதைப் பகிராமல் விடுகிறோம் என்பதில்தான் ஆபத்து. எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளை ஏறக்குறையத் தனியாளாக ஒருவர் பார்த்துவந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவத் தொடங்கினார். முகம் தெரியாத வேறு சிலர், 'ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்' என்று நெருக்கினார்கள். களைத்திருந்தவர் கொடுத்தார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு, அதாவது அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைய ஒரு ரகசிய வழி, இருந்தது. தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான், அந்த ஆண்டு மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது.

நச்சு நிரல் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை இயக்கிவிடும் சில வரிகளோ, எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில், அதாவது பயனர்களுக்குப் போகும் கோப்புத் தொகுப்பில், மட்டும் இருந்தன. அந்தப் பொதியைக் கட்டி, வெளியிடும் சாவியால் மின்கையொப்பமிட்டது ஒரே கை. நிரலை ஆயிரம் பேர் படித்திருந்தாலும் அந்தக் கடைசிப் படியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பல ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில் குறைந்தது மூன்று பொறுப்பாளர்கள் ஆதரித்து வாக்களிக்காமல் எதுவும் வெளியாகாது. வாக்களிப்பவர் பொதியை இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, தன் கணினியிலேயே கட்டிப் பார்த்திருக்க வேண்டும். சின்னத் திட்டங்களும் இதைப் பின்பற்றலாம்; மூன்று பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேராவது.

பொறுப்பாளர் இல்லாத நாட்களுக்கு, லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளமான டெபியனின் ஏற்பாடு எனக்குப் பிடித்தமானது. அவசரத் திருத்தத்தை வேறொரு டெவலப்பர் ஏற்றலாம், ஆனால் அது சில நாட்கள் காத்திருப்பில் கிடக்கும். பொறுப்பாளர் அதற்குள் பார்த்து வேண்டாம் என்றால் நிறுத்தலாம். பேசாமல் இருந்தால் தானாக உள்ளே போய்விடும். நெடுங்காலம் பதிலே இல்லாத பொதியை 'அநாதை' என்று அறிவித்துவிடுவார்கள், விரும்புகிறவர் தத்தெடுத்துக்கொள்வார்.