சிவந்துபோன ட்யூப் மேல தப்பு இல்ல

திருச்சியில சர்ச் பேண்ட்ல கிட்டார் வாசிக்கிற ஒரு தம்பி போன மாசம் கேட்டிருந்தாரு: "அண்ணா, என் ட்யூப் ஆம்ப் (கிட்டார் சவுண்டைப் பெருக்குற ஆம்ப்ளிஃபயர்) ஸ்விட்ச் போட்டு இருபது நிமிஷம் நல்லா இருக்கு, அப்புறம் சவுண்டு மங்குது, ஹம் ஏறுது, பின்னாடி எட்டிப் பார்த்தா ரெண்டு பவர் ட்யூப்ல ஒண்ணு மட்டும் செக்கச்செவேல்னு இருக்கு. புது ஜோடி வாங்கிப் போட்டேன், அதுவும் அப்படியே ஆகுது. டூப்ளிகேட் ட்யூப் குடுத்து ஏமாத்திட்டாங்களா?"

ஏமாத்தல தம்பி. முதல்ல ரெண்டு ட்யூபையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்கன்னு சொன்னேன். சிவப்பு ட்யூப் கூடவே போச்சுன்னா கோளாறு ட்யூப்ல, பழைய சாக்கெட்லயே தங்கிடுச்சுன்னா கோளாறு சர்க்யூட்ல. காசு செலவில்லாம ஆம்ப்ல பாதியைச் சந்தேகத்துல இருந்து கழிச்சு விட்டுடலாம். அவருக்கு சாக்கெட்லயே தங்குச்சு.

ட்யூப்னா நம்ம தாத்தா வீட்டு ரேடியோவுல இருந்த அதே வால்வுதான். உள்ள காத்து இல்லாத கண்ணாடிக் குடுவை, நடுவுல 6.3 வோல்ட்ல சூடாகுற ஹீட்டர், அதைச் சுத்தி கேத்தோடு, சூட்டுல கேத்தோடுல இருந்து எலக்ட்ரான் கிளம்பும், வெளிய 400 வோல்ட் பாசிட்டிவ்ல நிக்கிற பிளேட் அதை இழுக்கும், இது பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. ஹீட்டரோட ஆரஞ்சு வெளிச்சம் இயல்பானது, அதைப் பார்த்து பயப்பட வேணாம். ஆனா வெளிய இருக்கிற சாம்பல் நிறத் தகடு, அந்த பிளேட், எப்பவும் சிவக்காம அதே நிறத்துலதான் இருக்கணும்.

கேத்தோடுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இருக்கிற கம்பிச்சுருள்தான் கிரிட். வாய்க்கால்ல மதகு மாதிரி. கிரிட்டை நெகட்டிவ்ல வெச்சா மதகு இறங்கி எலக்ட்ரான் ஓட்டம் குறையும், நெகட்டிவ் குறைஞ்சா மதகு ஏறி ஓட்டம் கூடும். இவரோட ஆம்ப் 60கள்ல வந்த டிசைனைப் பார்த்து ஒருத்தர் கையால கட்டுனது, 6வி6ங்கிற வகை பவர் ட்யூப் ரெண்டு, பிளேட்ல சுமார் 410 வோல்ட், கிரிட்ல மைனஸ் 35. அந்த மைனஸ் 35தான் பயாஸ். அது சரியா இருந்தா ஒரு ட்யூப்ல 22 மில்லி ஆம்பியர் ஓடும், 410ஆல பெருக்குனா 9 வாட். 6வி6 பிளேட் தாங்குறது 12 வாட், சில வகைகள் 14.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். பவர் ட்யூபுக்கு முன்னாடி ஃபேஸ் இன்வெர்ட்டர்னு ஒரு சின்ன ட்யூப் இருக்கும், சிக்னலை நேரா ஒண்ணு தலைகீழா ஒண்ணுன்னு ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பவர் ட்யூபுக்கும் அனுப்பும். (இதுக்கு அடிப்படையான சர்க்யூட்டை 1936ல பேட்டன்ட் பண்ணினவர் ஆலன் பிளம்லைன்ங்கிற இங்கிலாந்து இன்ஜினியர், ஸ்டீரியோ ஒலிப்பதிவும் இவர் மூளைதான், 1942ல ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து 38 வயசுல இறந்துட்டாரு. இன்னைக்கும் ஃபெண்டர், மார்ஷல்னு எந்தப் பெரிய ஆம்பைத் திறந்தாலும் பெரும்பாலும் அவர் வேலை உள்ள இருக்கும்.) அந்தச் சின்ன ட்யூபோட பிளேட் 230 வோல்ட் டிசியில, அதாவது ஆடாம நிலையா இருக்கிற வோல்ட்ல நிக்குது, கிட்டார் சிக்னல் அந்த 230 மேல ஏறி உக்காந்து ஆடுது. அடுத்த கிரிட்டோ மைனஸ் 35ல இருக்கணும். ஆட்டம் மட்டும் போகணும், 230 போகக்கூடாது. இதுக்காக நடுவுல நிக்கிறதுதான் 0.1 மைக்ரோ ஃபாரட் கப்ளிங் கப்பாசிட்டர், நம்ம மெக்கானிக்குங்க கண்டன்சர்னு சொல்றது.

ரெண்டு உலோகத் தகடு, நடுவுல மின்சாரம் போகாத ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான் கப்பாசிட்டர். அந்தப் படலம் பழைய வகைகள்ல காகிதம். காகிதம் ஈரம் குடிக்கும். குடிச்ச காகிதம் வழியா டிசி கசிய ஆரம்பிக்கும், சூடாக ஆகக் கசிவும் கூடும், அதனாலதான் இருபது நிமிஷம் கழிச்சு பிரச்சனை வருது.

எவ்வளவு கசிஞ்சா ட்யூப் சாகும்? இந்தக் கணக்கை முதல்தடவை போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. கிரிட்டுக்கு மைனஸ் 35 ஒரு 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா வருது. கசியுற கரண்ட் அதே ரெசிஸ்டர் வழியாத்தான் இறங்கியாகணும். 41 மைக்ரோ ஆம்பியர் கசிஞ்சாப் போதும், 220 கிலோ ஓமால பெருக்குங்க, 9 வோல்ட். மைனஸ் 35 மைனஸ் 26 ஆயிடும். சின்ன எல்இடியைக்கூட ஒழுங்கா எரிய வைக்காத கரண்ட் அது! ஆனா மதகு 9 வோல்ட் ஏறிடுச்சு, ட்யூப்ல ஓட்டம் 22ல இருந்து 45 மில்லி ஆம்பியர் பக்கம் போயிடும், 9 வாட் 18 வாட் ஆயிடும், பிளேட் சிவக்கும். சிவந்த பிளேட் பக்கத்துல இருக்கிற கிரிட்டையும் சூடாக்கும், சூடான கிரிட் தானே எலக்ட்ரானை விட ஆரம்பிக்கும், அது கிரிட்டை இன்னும் பாசிட்டிவ் பக்கம் தள்ளும், ஓட்டம் இன்னும் கூடும். நடுவுல நிறுத்த ஆளில்லாத ஓட்டம்.

அந்தத் தம்பி கப்பாசிட்டரைக் கழட்டி மல்டிமீட்டர்ல ஓம் வெச்சுப் பார்த்திருக்காரு, நல்லா இருக்குன்னு காட்டியிருக்கு. காட்டத்தான் செய்யும். மீட்டர் உள்ள இருக்கிறது 9 வோல்ட் பேட்டரி, அதுவும் கப்பாசிட்டர் ஆறிப்போன நிலையில. 260 வோல்ட் அழுத்தத்துல சூடா இருக்கும்போது கசியுறது அதுல தெரியாது. அதனால ஆம்பை சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, ரெண்டு பவர் ட்யூபையும் கழட்டி, திரும்ப ஆன் பண்ணி சாக்கெட்ல 5ஆம் பின்னை, அதாவது கிரிட்டுக்குப் போற பின்னை அளக்கச் சொன்னேன். ட்யூபே இல்லாதப்பவும் வோல்ட் ஏறியிருந்தா கப்பாசிட்டர்தான் குற்றவாளி. ஒரு பக்கம் மைனஸ் 35.2, இன்னொரு பக்கம் மைனஸ் 26.4. அப்புறம் அந்தக் கப்பாசிட்டரோட கிரிட் பக்கக் காலை மட்டும் சோல்டர் எடுத்துத் தூக்கி, தொங்குற காலுக்கும் சேஸிஸுக்கும் (ஆம்போட உலோகச் சட்டம்) நடுவுல டிசி வோல்ட் பார்த்தாரு. நல்ல கப்பாசிட்டர்னா கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்து நிக்கணும். நூறைத் தாண்டிப் போய் அங்கயே நின்னுச்சு. மீட்டரோட சொந்த ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம், கசிவும் சில மெகா ஓம்தான், ரெண்டும் வோல்ட்டைப் பங்கு போட்டுக்குது. மீட்டரே சர்க்யூட்டோட ஒரு பாகமா மாறி கசிவைக் காட்டிக் குடுக்குற இந்த அளவு எனக்கு அவ்வளவு அழகாத் தெரியும்.

இதையெல்லாம் செய்யுறதுக்கு முன்னாடி ஒண்ணு, இதை லேசா எடுக்காதீங்க: பிளக்கைப் பிடுங்கினப்புறமும் பவர் சப்ளையில இருக்கிற பெரிய ஃபில்டர் கப்பாசிட்டர்ல 400 வோல்ட் நிக்கும், ஆளைக் கொல்லும். ஆஃப் பண்ணினதும் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை கிளிப் வயர்ல மாட்டி டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ற பழக்கம் வேணாம். ஆன்ல அளக்கும்போது கருப்பு வயரை சேஸிஸ்ல கிளிப் போட்டுட்டு ஒரே கையால வேலை பாருங்க. உயர் வோல்ட் பழக்கம் இல்லாதவங்க தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இல்லாம தொடவே வேணாம்.

அந்த ஆம்பைக் கட்டுனவர் பழைய காகிதக் கப்பாசிட்டரைத் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்காரு, அதுலதான் பழைய சவுண்டோட உயிர் இருக்குன்னு நம்பி. இந்த நம்பிக்கை மேல எனக்கு நெஜமாவே கோவம் உண்டு. கிரிட்டுக்கு வோல்ட் மட்டும்தான் தெரியும், கப்பாசிட்டரோட வயசு தெரியாது. கசியுற கப்பாசிட்டர் சவுண்டை மாத்தும்தான், பயாஸைக் கெடுத்து மாத்தும், அதுக்கு விலை ஒரு ஜோடி ட்யூப். நம்ம பிள்ளைங்க நாலு வருஷம் கப்பாசிட்டர் ஃபார்முலா எழுதிட்டு, கசியுற ஒரு கப்பாசிட்டரைக்கூட கையில பிடிக்காம டிகிரி வாங்குறாங்க. காலேஜ் லேபுக்கு ஒதுக்குற காசுல பழுதான பொருளையும் வாங்கி வைக்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்.

தம்பி ரெண்டு பக்கமும் 0.1 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கப்பாசிட்டர் போட்டாரு, ரெண்டும் சேர்ந்து ஒரு டிபன் செலவுக்குள்ள. சிவந்துபோன ட்யூபை ஒதுக்கி வெச்சுட்டு வேற ஜோடி மாட்டி, ராத்திரி ரூம் லைட்டை அணைச்சுட்டு ஒரு மணி நேரம் பின்னாடி உக்காந்து பார்த்திருக்காரு. ஹீட்டர் வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுதாம். 5ஆம் பின் ரெண்டு பக்கமும் மைனஸ் 35.