பிரிஸ்டல் நகரசபையில் முடிவெடுப்பது யார்?

இங்கிலாந்தின் பல பகுதிகளில் உள்ளாட்சி இரண்டு அடுக்காக இருக்கிறது. பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு கவுண்டி கவுன்சிலிடம். குப்பை அள்ளுவது, கட்டட அனுமதி, வீட்டுவசதி டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலிடம். இந்த இரண்டையும் ஒரே சபை செய்தால் அது யூனிட்டரி கவுன்சில். பிரிஸ்டல் அப்படிப்பட்டது. 1974 முதல் ஏவன் கவுண்டிக்குக் கீழே இருந்த நகரம் அது. 1996-இல் அந்தக் கவுண்டியைக் கலைத்தபோது எல்லா வேலையும் நகரசபைக்கு வந்து சேர்ந்தது. போலீசும் தீயணைப்பும் மட்டும் அப்போதும் இப்போதும் தனி அமைப்புகள்.

நகரத்தில் 34 வார்டுகள், 70 கவுன்சிலர்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தேர்தல். சரி, இந்த 70 பேரில் முடிவெடுப்பது யார்? பிரிஸ்டலில் இந்தக் கேள்விக்கு மக்களே இரண்டு முறை வாக்களித்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

2012 மே மாதம், நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர் வேண்டுமா என்று 10 நகரங்களில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வேண்டும் என்றது பிரிஸ்டல் மட்டும்தான். அந்த ஆண்டு நவம்பரில் ஜார்ஜ் ஃபெர்குசன் மேயரானார். 2016-இல் மார்வின் ரீஸ். மேயர் முறையில் பெரும்பாலான முடிவுகள் மேயரிடமும் அவர் நியமிக்கும் கேபினட்டிடமும் இருக்கும். வேகம் உண்டு, ஆனால் மற்ற கவுன்சிலர்கள் பெரும்பாலும் கேள்வி கேட்பவர்களாகவே நின்றுவிடுகிறார்கள். இந்தக் குறை வளர்ந்து வளர்ந்து, 2022 மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு வந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் மேயர் வேண்டாம், கமிட்டி முறை போதும் என்றார்கள்.

2024 மே முதல் அந்த முறை நடப்பில் இருக்கிறது. அந்தத் தேர்தலில் பசுமைக் கட்சி 34 இடம், தொழிற்கட்சி 21, லிபரல் டெமாக்ரட் 8, கன்சர்வேட்டிவ் 7. யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. போக்குவரத்து, வீட்டுவசதி, குழந்தைகள் நலன் என்று துறைவாரியாகக் கொள்கைக் கமிட்டிகள் இருக்கின்றன. கட்சிகளின் பலத்துக்கு ஏற்ற விகிதத்தில் கமிட்டி இடங்கள் பிரிகின்றன. அதனால் எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் முடிவில் கை தூக்குகிறார். நடை மெதுவாகலாம், ஆனாலும் உங்கள் வார்டுக் கவுன்சிலரின் குரலுக்கு இங்கே கூடுதல் எடை இருக்கிறது, அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆண்டு பட்ஜெட்டையும், வீடுகளுக்கான உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸையும் முடிவு செய்வது 70 பேரும் கூடும் முழு மன்றம்.

லார்ட் மேயர் என்று இன்னொருவரும் உண்டு. அவர் முழு மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், விழாக்களுக்குப் போவார். ஆட்சி அதிகாரம் அவரிடம் இல்லை. கவுன்சிலின் அரசியல் தலைவர் வேறு. அவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

முடிவைச் செயல்படுத்துவது அதிகாரிகள். அவர்களில் மூன்று பதவிகள் சட்டப்படி கட்டாயம்: ஊழியர்களின் தலைவர், எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று கண்காணிப்பவர், நிதிப் பொறுப்பாளர். வரவை மீறிச் செலவு போகிறது என்று தெரிந்தால் நிதிப் பொறுப்பாளர் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114-ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். உடனே அத்தியாவசியமற்ற புதிய செலவுகள் நிறுத்தப்படும். ஸ்லவ் என்ற யூனிட்டரி கவுன்சிலில் 2021-இல் இது நடந்தது.

கமிட்டிக் கூட்டங்களில் பொதுமக்கள் போய் உட்காரலாம். நிகழ்ச்சி நிரல் சாதாரணமாக ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே வெளியாகும். முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் கேள்வியும் கேட்கலாம். கவுன்சிலின் சேவையில் குறை இருந்தால் முதலில் கவுன்சிலிடமே புகார் கொடுங்கள். அங்கே தீராவிட்டால், கவுன்சில்கள் மீதான புகார்களைத் தனியாக நின்று விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடிமக்கள் செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசித்தால், 18 வயது நிறைந்திருந்தால், மாணவராக இருந்தாலும் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பெயரை ஆன்லைனில் பதிந்துகொள்ளுங்கள். வாக்குச்சாவடிக்குப் படம் உள்ள அடையாள அட்டை அவசியம். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டையே காட்டலாம். பிரிஸ்டலின் அடுத்த கவுன்சில் தேர்தல் 2028 மே மாதம்.