கான்கிஸ்டடோர்: வெற்றிவீரனா, நாடுபிடிக்காரனா?

ஸ்பெயின்காரங்க அமெரிக்கக் கண்டத்த பிடிச்ச கதைய தமிழ்ல எங்க படிச்சாலும், அப்படிப் பிடிக்கப் போனவங்களுக்கான பேரான "கான்கிஸ்டடோர்"ங்கிற இந்த ஒரு சொல்லுல வந்து முட்டிக்கிறாங்க. ஒருத்தர் "வெற்றிவீரர்"னு எழுதுறார், இன்னொருத்தர் "வெற்றியாளர்"ங்கிறார். வெற்றியாளர்னா எனக்கு கபடி மேட்ச்ல கப்பு வாங்குனவர்தான் ஞாபகம் வர்றார்.

முதல்ல உச்சரிப்பு. ஸ்பெல்லிங்ல கியூ, யூ ரெண்டும் இருக்குன்னு "கான்குவிஸ்டடார்"னு எழுத வேணாம், ஸ்பானிஷ்ல அது வெறும் "கி"தான், அவங்க வாயில கொன்கிஸ்ததோர்னு வரும். கொன்கிஸ்தார்னா வென்று பிடிக்கிறது, அதச் செய்றவன் கொன்கிஸ்ததோர். இன்னும் தோண்டினா லத்தீன்ல "க்வைரெரே"ன்னு ஒரு வினை, அர்த்தம் தேடு, கேளு. நாம சொல்ற கொஸ்டினும் இதே வேர்தான். ஆக சொல்லுக்குள்ளயே "தேடிப் போய் எடுத்துக்கிறது"ங்கிற வாசம் இருக்கு.

அமெரிக்கா போறதுக்கு முன்னாடியே இந்தப் பட்டம் புழக்கத்துல இருந்துச்சு, 1229ல மயோர்க்கா தீவையும் 1238ல வலென்சியாவையும் பிடிச்ச, இன்னைக்கு ஸ்பெயின்ல இருக்கிற அரகோன் நாட்டு ராஜா முதலாம் ஹைமேவுக்கு இதுதான் பட்டப்பேரு. ஆனா அவர் ராஜா. பின்னாடி வந்தவங்க கதை வேற, அதுக்கு தென் அமெரிக்காவுல பெருவ பிடிச்ச பிசாரோவ பார்த்தா போதும்.

பிரான்சிஸ்கோ பிசாரோ, ஸ்பெயின்ல த்ருஹில்யோ ஊர்க்காரர், முறைப்படி கல்யாணம் ஆகாதவங்களுக்குப் பொறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பனாமாவுல அல்மாக்ரோங்கிற இன்னொரு ஸ்பானிஷ் படைக்காரர், லூக்கேங்கிற பாதிரியார், இவர்னு மூணு பேர் கூட்டு வியாபாரம் மாதிரி ஆரம்பிச்சதுதான் பெரு பயணம். 1529ல டொலேடோவுல ராணி கையெழுத்துல ஒரு ஒப்பந்தம், பிசாரோவுக்கு கவர்னர் பதவி, சம்பளம் 7,25,000 மாரவேதி (அந்தக் கால ஸ்பானிஷ் காசு), ஆனா அந்தச் சம்பளமே இனிமேதான் பிடிக்கப்போற நாட்டு வருமானத்துலருந்து எடுத்துக்கணும்! அதாவது ராஜா குடுத்தது லைசென்ஸ், முதலும் ரிஸ்கும் இவங்களோடது, கிடைக்கிறதுல அஞ்சுல ஒரு பங்கு ராஜாவுக்கு. கூட வந்தவனுங்களுக்கும் மாசச் சம்பளம்லாம் கிடையாது, பங்குதான்.

1532 நவம்பர் 16ல பெருவுல கஹமார்க்காங்கிற ஊர்ல 168 பேர வச்சு, அந்த நாட்ட ஆண்ட இன்கா மன்னர் அதாவால்பாவ பிடிச்சாங்க. வெறும் வீரம்னு நெனச்சிடாதீங்க, அதுக்கு முன்னாடியே அவருக்கும் அவர் சகோதரருக்கும் நடந்த உள்நாட்டுப் போர் அந்த நாட்ட பொளந்து போட்டிருந்துச்சு. அவர் விடுதலைக்கு ஒரு அறை நெறய தங்கம் தர்றேன்னார், தந்தார், எல்லாத்தையும் உருக்கி குதிரைக்காரனுக்கு சுமார் 40 கிலோ தங்கம், காலாளுக்கு ஏறக்குறைய அதுல பாதின்னு பிரிச்சிக்கிட்டு 1533ல அவர கழுத்த நெரிச்சுக் கொன்னுட்டாங்க. அப்புறம் பங்குச் சண்டை, பிசாரோ தரப்பு 1538ல அல்மாக்ரோவ கொன்னுச்சு, அல்மாக்ரோ ஆளுங்க 1541ல லிமாவுல பிசாரோவோட வீட்டுக்குள்ளயே புகுந்து அவர முடிச்சாங்க.

இப்ப சொல்லுங்க, இதுக்கு "வெற்றிவீரர்" பொருந்துமா?

நம்ம கல்வெட்டுல "கொண்ட"ன்னு ஒரு அழகான சொல் இருக்கு, மதுரை கொண்ட, கங்கை கொண்டன்னு. பொருள் அச்சு அசலா ஒத்துப்போகுது, கொள்ளைங்கிற சொல்லும் அதே கொள்லருந்து வர்றது இங்க ரொம்பவே பொருத்தம். ஆனா "கொண்டான்" அரசனுக்குப் போடுற பட்டம், ஹைமேவுக்கு சரி, பங்குக்கு வந்த ஆளுக்கு ஒட்டாது. "ஆக்கிரமிப்பாளர்"னா பக்கத்து வீட்டுக்காரன் சுவர தள்ளிக் கட்டுனான்ங்கிற அளவுக்கு தேய்ஞ்சு போச்சு. என் ஓட்டு "நாடுபிடிப்பாளர்"க்கு. நாடு பிடிக்கிற ஆசைன்னு நாம ஏற்கனவே பேசுறதுதானே, பேச்சுல பிள்ளைபிடிக்காரன் மாதிரி நாடுபிடிக்காரன்னே சொல்லிடலாம்.

இந்தச் சொல்லு உறுத்தும்னு ஸ்பெயினுக்கே தெரிஞ்சிருந்துச்சு. 1573ல ஸ்பெயின் ராஜா ரெண்டாம் பிலிப் போட்ட சட்டத்துல, இனிமே இந்தப் பயணங்கள "கொன்கிஸ்தா" (வென்று பிடிக்கிறது)ன்னு சொல்லக்கூடாது, "அமைதிப்படுத்தல்"னு சொல்லணும்னு உத்தரவு. வேலை அதேதான், போர்டு மட்டும் மாறுச்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை, இன்னைக்கு ஸ்பானிஷ் பேச்சுல பொண்ணுங்க மனச கவுத்துட்டுத் திரியிறவனையும் கொன்கிஸ்ததோர்னுதான் சொல்றாங்க, அந்த இடத்துல நாடுபிடிப்பாளர்னு போட்டு வச்சா நான் பொறுப்பில்ல, அதுக்கு நம்ம "மன்மதன்" போதும்.