கிரெப்புக்கு மூன்று பூட்டு

சீனக்குடாவில் ஓர் ஆலைக்கு வந்துபோகும் லொறிகளின் எடைப்பதிவு, சில இலட்சம் வரிகள் கொண்ட உரைக்கோப்பாகக் கணினியில் இருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரு வண்டியைத் தேட, யுனிக்ஸ் இயங்குதளம் பழகியவர், கோப்பில் சொல் தேடித் தரும் 'கிரெப்' என்ற சிறு கருவியைத்தான் நாடுவார். அலுவலக விண்டோஸ் அதை உள்ளே விடாது. தடுப்பது எந்தப் பூட்டு என்று தெரிந்துகொண்டு ஐ.டி. பிரிவிடம் போவது நல்லது.

முதற் பூட்டு உரிமை. நிறுவும்போது நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டு நின்றால், பொதுக் கோப்புறையில் எழுத உங்களுக்கு உரிமையில்லை என்று பொருள். கிரெப் போன்ற யுனிக்ஸ் கருவிகளை விண்டோஸுக்குக் கொண்டுவரும் சிக்வின் போன்ற தொகுப்புகளைச் சொந்தக் கோப்புறையிலும் நிறுவலாம். ஆனால் அங்கே இரண்டாம் பூட்டு காத்திருக்கும்.

அதன் பெயர் ஆப்லொக்கர்; எந்த நிரல் ஓடலாம் என்று தீர்மானிக்கும் விண்டோஸ் வசதி. அதன் இயல்பான விதிப்படி, சாதாரணப் பயனர் 'விண்டோஸ்', 'புரோகிராம் பைல்ஸ்' கோப்புறைகளில் உள்ள நிரல்களை மட்டுமே இயக்கலாம். சிக்வின் வழக்கமாக அமர்வது சி டிரைவில், தனிக் கோப்புறையில். ஆகவே நிர்வாகியே நிறுவித் தந்தாலும் திறக்காது. அவசரத்தில் அந்தக் கோப்புறை முழுவதற்கும் அனுமதி எழுதுவதுதான் பெரிய பிழை. உள்ளே இருக்கும் 'டெம்ப்' (tmp) எவரும் எழுதக்கூடிய இடம். அங்கே போட்ட எந்த நிரலும் ஓடிவிடும். கருவிகள் இருக்கும் 'பின்' (bin) உட்கோப்புறைக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் ஹாஷ் எண்ணை வைத்து அனுமதித்தால், அடுத்த புதுப்பிப்போடு அது செல்லாமல் போகும்.

ஐ.டி. பிரிவின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. சிக்வினோடு வரக்கூடிய பாஷ், பேர்ள் இரண்டும் உரைக்கோப்பில் எழுதிய கட்டளைகளை வாசித்தே வேலை செய்பவை. உதாரணமாக, ஆப்லொக்கர் பேர்ள் என்ற நிரலை ஓடவிடலாமா என்று மட்டுமே சோதிக்கும். பேர்ள் வாசிக்கும் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது.

மூன்றாம் பூட்டு வலையமைப்பில். இணையத்துக்கும் உங்களுக்கும் இடையில் நிற்கும் அலுவலக புரொக்ஸி மறையாக்கத்தைப் பிரித்துச் சோதித்து, தன் சான்றிதழை ஒட்டி அனுப்புகிறது. விண்டோஸின் சான்றிதழ்க் களஞ்சியத்தை நம்பும் உலாவி அதை ஏற்கும். நிரல்களின் பதிப்புகளைப் பேணும் கிட், சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை நம்பும்படி அமைந்திருந்தால் மறுக்கும். சான்றிதழ்ச் சோதனையை நிறுத்திவிடாதீர்கள். கிட்டின் எஸ்எஸ்எல் பின்புலத்தை, அதாவது மறையாக்க இணைப்பைக் கவனிக்கும் பகுதியை, விண்டோஸின் 'எஸ்சேனல்' (schannel) என மாற்றினால் அதுவும் அதே களஞ்சியத்தைப் பார்க்கும்.

விண்டோஸ் 10இன் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் கர்ல், கோப்புகளைக் கட்டிப் பிரிக்கும் டார் இரண்டும் கூடவே வருகின்றன. லொறி தேட, விண்டோஸிலேயே உள்ள 'பைண்ட்ஸ்டர்' (findstr) கட்டளை போதும். ஆனால் வண்டி இலக்கத்தில் இடைவெளி இருந்தால், அதன் ஒரு துண்டு மட்டும் உள்ள வரிகளையும் அது அள்ளிக் கொட்டும். சாய்கோடு, சி, முக்காற்புள்ளி (/c:) என்ற தெரிவை முன்னால் இட்டு, இலக்கத்தை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள்.