பத்து கட்டம் இருக்குங்கிறதுக்காக பத்து கிளப்பா?

"மேடம், பையன் லெவன்த் கிரேடு, எட்டு ஆக்டிவிட்டி இருக்கு, இன்னும் ரெண்டு கொறையுது, லிஸ்ட ஸ்ட்ராங் பண்ணணும், சீக்கிரமா சேக்குற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்."

ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆனா இப்படி ஒரு போன் வந்துடும். மளிகை லிஸ்ட்ல புளியும் பெருங்காயமும் விட்டுப்போன மாதிரி கேப்பாங்க. ஆக்டிவிட்டின்னா படிப்புக்கு வெளியில பசங்க பண்றது, அமெரிக்க காலேஜ் அப்ளிகேஷன்ல அதுக்கும் இடம் உண்டு. நான் நியூ ஜெர்சில பல வருஷமா காலேஜ் அட்மிஷன் கவுன்சிலிங் பண்றேன், வர்றதுல பாதிக்கு மேல நம்ம ஊரு குடும்பங்கதான். அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது, நாம எல்லாம் பிளஸ் டூ மார்க்கையும் என்ட்ரன்ஸ் மார்க்கையும் கூட்டி வர்ற ஒரே ஒரு கட் ஆஃப்ப வெச்சு காலேஜ் சேந்தவங்க, பையன் சனிக்கெழம என்ன பண்றான்னு அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல யாரு கேட்டா?

இங்க கேக்குறாங்க. காமன் ஆப்னு ஒண்ணு, ஒரே ஃபார்ம்ல பல காலேஜுக்கு அப்ளை பண்றது, அதுல ஆக்டிவிட்டிக்கு 10 கட்டம், ஒவ்வொண்ணுலயும் என்ன பண்ணேன்னு சொல்ல ஸ்பேஸ், கமா எல்லாம் சேத்து 150 எழுத்துதான், நம்ம ஃபேமிலி குரூப்ல வர்ற குட் மார்னிங் மெசேஜே அதவிட பெருசா இருக்கும். கூடவே வாரத்துக்கு எத்தன மணி நேரம், வருஷத்துக்கு எத்தன வாரம், எந்தெந்த கிரேடுல பண்ணேன்னு தனித்தனியா கேப்பாங்க. யூசி, அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவோட அப்ளிகேஷன் வேற, அதுல அவார்டு, வேலை எல்லாம் சேத்து 20 வரைக்கும் போடலாம், ஒவ்வொண்ணுக்கும் 350 எழுத்து. எம்ஐடி காமன் ஆப்லயே இல்ல, சொந்த ஃபார்ம் வெச்சிருக்காங்க, அதுல நாலே நாலு ஆக்டிவிட்டிதான் கேக்குறாங்க. எம்ஐடிக்கே நாலு போதும்னா பத்தையும் ரொப்பியே ஆகணும்னு நமக்கு யாரு சொன்னா? காலி கட்டம் இருந்தா மார்க் கொறைப்பாங்கன்னு நாமளா கற்பனை பண்ணிக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு பையன் டிராஃப்ட் கொண்டு வந்தான், பத்து கட்டமும் ஃபுல். நான் ஒண்ணும் பேசல, கால்குலேட்டர அவன்கிட்ட குடுத்து வாரத்துக்கு போட்டிருக்குற மணி நேரத்தை மட்டும் கூட்டிப் பாருன்னேன். 61 வந்துச்சு. ஸ்கூல், ஹோம்வொர்க், தூக்கம் எல்லாம் அதுக்கு வெளியில. அவனுக்கே சிரிப்பு வந்துடுச்சு, பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவுக்கு வரல. ஒவ்வொரு கட்டத்தையும் நோண்டி நோண்டி கேட்டதுல கடைசில தேறினது மூணு, அதுல ரோபாட்டிக்ஸ்தான் நெஜம். அங்கயும் அவன் கேப்டன் எல்லாம் கிடையாது, வயரிங் பண்ற பையன், ஆனா போட்டி அன்னிக்கு ரோபோ நின்னு போனா எல்லாரும் இவனத்தான் தேடுவாங்களாம். அதைச் சொல்றப்போ அவன் மூஞ்சியே மாறிச்சு. அந்த விஷயம் டிராஃப்ட்ல எங்கயும் இல்ல, 'டீம் மெம்பர்'னு மட்டும் போட்டு வெச்சிருந்தான்.

அப்புறம் நம்ம வீட்டு ஸ்பெஷல், பரதநாட்டியம். 'பன்னண்டு வருஷம் கத்துக்கிட்டேன், அரங்கேற்றம் பண்ணேன்' அப்படிங்கிற வரிய நம்ம ஊரு ஜனம் நெறைய இருக்குற எடிசன்லயும் ஃப்ரீமாண்ட்லயும் தெருவுக்கு ஒரு பொண்ணு எழுதும், கோவிச்சுக்காதீங்க, அரங்கேற்றத்துக்கு நீங்க பண்ண செலவு எனக்கும் தெரியும். அதே கதையோட வந்த ஒரு பொண்ணுகிட்ட சனிக்கெழம கிளாஸ்ல நீ என்னதான் பண்றேன்னு கேட்டேன். சின்னப் பசங்களுக்கு தட்டடவு, நாட்டடவு சொல்லிக் குடுப்பேன் ஆன்ட்டி, வீட்ல போய் பிராக்டிஸ் பண்ண அதுங்களுக்கு சொல்லுக்கட்டு தெரியல, அதனால நானே தட்டுக்கழி தட்டி மூணு காலத்துலயும் ரெக்கார்ட் பண்ணி அம்மாங்க வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டு விட்டேன்னா. ரெண்டு வருஷமா, 11 பசங்களுக்கு, யாரும் சொல்லாம. இத ஏம்மா எழுதலன்னா, இதெல்லாம் ஆக்டிவிட்டியான்னு திருப்பி கேக்குறா! அரங்கேற்றத்த அரை வரியில முடிச்சுட்டு மிச்ச எழுத்து பூரா இதுக்குத்தான் குடுத்தோம். நீங்க ஆக்டிவிட்டிய ஸ்ட்ராங் பண்ணணும்னு கேக்குறீங்களே, நான் பாத்த வரைக்கும் அது பெரும்பாலும் இப்படித்தான் நடக்குது, கையில ஏற்கனவே இருக்குற ஒண்ணுல இன்னும் ஒரு படி உள்ள போறது, அதனால வேற யாருக்காவது ஒரு வேலை நடந்திருக்குறது.

காசு குடுத்து வாங்குற சமாச்சாரத்தையும் சொல்லிடறேன். பெரிய யுனிவர்சிட்டி கேம்பஸ்ல ரெண்டு வாரம் சம்மர் புரோகிராம், ஆயிரக்கணக்குல டாலர். புள்ள சந்தோஷமா போய்ட்டு வரட்டும், ஆனா அந்த காலேஜ் பேரு லிஸ்ட்ல இருந்தா அங்கயே சீட்டுன்னு நெனைக்காதீங்க, இடத்தை வாடகைக்கு எடுத்து வெளி கம்பெனி நடத்துறதும் அதுல உண்டு. நெஜமாவே கஷ்டமான புரோகிராம் சிலதுல டியூஷனே கிடையாது, எம்ஐடில நடக்குற ஆர்எஸ்ஐங்கிற சயின்ஸ் ரிசர்ச் புரோகிராம் மாதிரி, ஆறு வாரம், கெடைக்கிறதுதான் குதிரைக் கொம்பு. காசு கட்டினா ரிசர்ச் பேப்பர் போட்டுத் தர்ற ஜர்னலு, அப்பா ரெஜிஸ்டர் பண்ணி அப்பாவே வெப்சைட் போட்ட நான்-பிராஃபிட்டு, இதெல்லாம் காலேஜ்ல அப்ளிகேஷன் படிக்கிறவங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல வாசனை தெரிஞ்சிடும். பொய்யே வேண்டாம். யூசி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பேர பொறுக்கி ப்ரூஃப் கேக்குறாங்க, குடுக்கலன்னா அப்ளிகேஷனே கேன்சல். 2019ல வெளிய வந்த அட்மிஷன் ஊழல்ல படகே ஓட்டாத புள்ளைங்கள படகோட்டி டீம் ஆளுன்னு காமிச்சாங்க, அப்பா அம்மாங்க ஜெயிலுக்குப் போனாங்க.

இப்போ என் தப்பு ஒண்ணு. ஆரம்ப வருஷத்துல ஒரு பொண்ணு, பாட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து வீட்ல படுக்கை, அம்மா நைட் ஷிஃப்ட், இவதான் ஸ்கூல் விட்டு ஓடி வந்து கஞ்சி குடுத்து, மாத்திரை குடுத்து, தம்பிய பஸ் ஸ்டாப்புல இருந்து கூட்டிட்டு வந்து, இப்படி தெனமும் நாலு மணி நேரம். அதை அவ கட்டத்துல எழுதிட்டு வந்தா. நான்தான் இது வேண்டாம்மா, கிளப் எதாவது இருந்தா போடுன்னு எடுக்க வெச்சேன். காமன் ஆப் ஃபார்ம்லயே 'குடும்பப் பொறுப்பு'ன்னு தனி வகை இருக்கு, சம்பளத்துக்குப் பாக்குற வேலைக்கும் இருக்கு, எனக்கு அப்போ அது உறைக்கல. அவ அதுக்கு பதிலா போட்டது வாரம் ஒரு மணி நேரம் போற ஏதோ ஒரு ஹானர் சொசைட்டி, நல்ல மார்க் எடுக்குறவங்கள சேக்குற கிளப். எங்கயோ ஒரு காலேஜ் கெடச்சு நல்லா படிச்சுட்டா, அது வேற விஷயம், ஆனா அந்த டிராஃப்ட் இன்னும் என் லேப்டாப்ல இருக்கு.

நைன்த்ல கண்டதையும் தொட்டுப் பாக்கட்டும், விடுங்க. டென்த் முடியறப்போ பிடிக்காதத கழட்டிவிடுங்க, லெவன்த்துலதான் உருப்படியா ஏதாவது நடக்கும், ட்வெல்த் செப்டம்பர்ல புதுசா சேர்ற கிளப்புக்கு முன்கூட்டியே அப்ளை பண்றவங்களுக்கான நவம்பர் 1 எர்லி டெட்லைனுக்குள்ள எழுத என்ன இருக்கப் போகுது?

காமன் ஆப் வருஷா வருஷம் ஆகஸ்ட் 1 ஓபன் ஆகும். அதுக்கு முன்னாடி, போன வாரம் திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் உண்மையில என்ன பண்ணாங்கன்னு ஒரு பேப்பர்ல புள்ளைங்கள எழுதச் சொல்லுங்க, போன் நோண்டின நேரம் உட்பட. புள்ளைங்களே எழுதட்டும். போன மாசம் இதையே சொல்லி அனுப்பினதுக்கு ஒரு அப்பா மறுநாளே எக்செல்ல போட்டு அனுப்பிட்டாரு, கலர் எல்லாம் குடுத்து. பையனுக்கு அந்த ஃபைல் இருக்குறதே தெரியாது.