முதலில் கேபிள், அப்புறம்தான் பல்சக்கரம்: புது ஹேண்ட்பிரேக் ஷூ உரசும்போது

"நாலு நாள் ஓட்டினால் தானாகத் தேய்ந்து சரியாகிவிடும் என்றார்கள்." புது ஹேண்ட்பிரேக் ஷூ மாட்டிய பிறகு உரசல் சத்தத்தோடு வரும் கார்களின் உரிமையாளர்கள் பலரும் என்னிடம் சொல்வது இதைத்தான். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள பல கார்களில், அந்த டிஸ்க்கின் நடுவே குடம்போல் இருக்கும் பகுதிக்குள் ஒரு சின்ன டிரம் இருக்கும். விரிந்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டைகளான ஹேண்ட்பிரேக் ஷூ இரண்டும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கும். நின்ற வண்டியை நகராமல் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. ஓட்டத்தில் ஓயாமல் உரசினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஷூவின்மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிப்பை இழக்கும், சில நேரம் ஷூவிலிருந்து பெயர்ந்தே வந்துவிடும். பேரிங்கின் கிரீஸ் இளகும். சூடு, டிஸ்க்கைப் பேடுகளால் கவ்வும் காலிபர் வரை ஏறிப் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைத்தால் பெடல் காலுக்கடியில் அமுங்கிப் போகும். அதனால்தான் இந்தச் சின்னச் சத்தத்தை நான் சின்னதாக நினைப்பதில்லை.

வேலையைத் தொடங்குமுன் முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஹேண்ட்பிரேக்கையும் விடுவித்துவிட்டால் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து எடுங்கள்.

இனி, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காது கொடுங்கள். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் "சர்ரக்" என்றால் கோளாறு பெரும்பாலும் சுழலும் பாகத்தில்: டிஸ்க் ஹப்பின்மேல் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சமமாக உட்காரவில்லை, இடையில் துரு இருக்கிறது, அல்லது டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. விடாமல் ஒரே சீராக உரசினால் சுழலாத பாகத்தில் தேட வேண்டும், அதாவது ஷூ, கேபிள், அட்ஜஸ்டர் (ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைப் பல்சக்கரத்தால் கூட்டிக் குறைக்கும் பாகம்). காலிபரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு (ஹோஸில் தொங்கவிடக் கூடாது), டிஸ்க்கை மட்டும் வீல் நட்டால் இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் உரசியது பிரேக் பேடு, ஷூ அல்ல.

ஷூதான் என்று உறுதியானால், எல்லோருடைய கையும் முதலில் போவது அட்ஜஸ்டரின் பல்சக்கரத்துக்கு. அங்கேதான் வழி தவறுகிறது. சமீபத்தில் பார்த்த ஒரு காரில் பல்சக்கரத்தை முழுவதும் பின்னுக்குத் திருப்பியிருந்தார்கள். உரசல் மட்டும் போகவில்லை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஷூக்களின் தலை வந்து சாய வேண்டிய ஆங்கர் முளையில் விளக்கடித்துப் பார்த்தேன். பின்பக்க ஷூவுக்கும் முளைக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி. ஷூ தன் இடத்துக்குத் திரும்பவே இல்லை!

காரணம் எளிது. பழைய ஷூ தேயத் தேய, யாரோ கேபிள் நட்டை இறுக்கி இறுக்கிச் சமாளித்திருக்கிறார்கள். தடிமனான புது ஷூ வந்த பிறகும் கேபிள் அதே இறுக்கத்தில் நின்றதால், லீவரை முழுக்க இறக்கிய பிறகும் அது ஷூவை விரித்துப் பிடித்திருந்தது. நட்டை நன்றாகத் தளர்த்தியதும் ஷூ "டக்" என்று முளையில் போய் உட்கார்ந்தது. தளர்த்திய பிறகும் உட்காரவில்லை என்றால், கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது ஷூவை விரிக்கும் லீவர் மாட்டிக்கொண்டிருக்கும்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஸ்பிரிங் தன் துளையில் மாட்டியிருக்கிறதா, பிடிப்பு ஸ்பிரிங் ஷூவை நேராக அழுத்துகிறதா, அட்ஜஸ்டர் இடம் வலம் மாறிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றினால் பார்த்து மாட்ட ஒரு மாதிரி கண்முன் இருக்கும். ஷூக்களுக்குப் பின்னால் இருக்கும் தகடான பேக்கிங் பிளேட்டில் ஷூ ஓரம் உரசும் மேடுகளைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே உள்ள சூடு தாங்கும் கிரீஸைப் பொட்டளவு வையுங்கள். லைனிங்கில் மட்டும் படக் கூடாது.

டிரம்மின் ஓரத்தை மறந்துவிடாதீர்கள். பழைய ஷூ தொடாத விளிம்பில் துரு ஏறி வரப்புபோல் நிற்கும். புது ஷூவின் ஓரம் அதில் இடித்தால், லைனிங்கின் ஒரு விளிம்பில் மட்டும் மெல்லிய பளபளப்புக் கோடு விழுந்திருக்கும். அதைப் பார்த்தவுடன் வரப்பைத் தேய்க்க அரத்தை எடுக்கலாம். தேய்மானமே ஆழமாக இருந்தால், டிரம்மில் பொறித்திருக்கும் உச்ச விட்ட அளவோடு ஒப்பிட்டு, தாண்டியிருந்தால் டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான்.

இவ்வளவும் சரியான பிறகே பல்சக்கரம். டிஸ்க் சுற்றாமல் நிற்கும்வரை இறுக்கி, தடையின்றிச் சுற்றும்வரை பல் பல்லாகப் பின்னுக்குத் திருப்புங்கள். எத்தனை பல் என்பது காருக்குக் கார் மாறும், சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஹேண்ட்பிரேக்கை நாலைந்து முறை இழுத்து விட்டால் ஷூக்கள் நடுவில் வந்து அமரும். மறுபடி சுற்றிப் பாருங்கள். கடைசியாகத்தான் கேபிள் இறுக்கம். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்றால், கழற்றும் முன்பே அதைச் சர்வீஸ் மோடில் வைத்தாக வேண்டும். உள்ளே விரல் இருக்கும்போது மோட்டார் இயங்கினால் நசுங்கிவிடும்.

கையால் சுற்றும்போது தடையே இல்லாமல், மிக லேசாகத் தொடும் சத்தம் மட்டும் கேட்டால் நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வண்டியைக் கொடுப்பதில்லை. சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, இரண்டு பின்சக்கரத்துக்கு அருகிலும் தொடாமல் புறங்கையைக் காட்டுவேன். ஒரு பக்கம் மட்டும் அனல் வீசினால் வண்டி மறுபடி ஸ்டாண்டில் ஏறும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் ஒரு சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பேன்.